ஆறே முக்கால்

அந்தத் தையல் கடையில் பெண்கள் அளவு கொடுக்க வந்தால் மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். திரைக்குப் பின்னால் அவர் மனைவி டேப்பைப் பிடித்து எண்களைச் சொல்வார். மாஸ்டர் திரைக்கு இந்தப் பக்கம், முதுகைக் காட்டி நின்றபடி நோட்டில் எழுதுவார். தோள் பதினாலு. கை ஒன்பதரை. இடுப்பு முப்பத்திரண்டு. திரைதான் இருக்கிறதே, முதுகை வேறு எதற்குக் காட்டவேண்டும் என்று கேட்டால், "திரை காத்துக்கு ஆடும். நான் ஆட மாட்டேன்" என்பார். முப்பத்தொரு வருடமாக இப்படித்தான். இடுப்புவலி வந்து மனைவி குனிய முடியாமல் போன பிறகு எண் சொல்லும் வேலை மருமகளிடம் வந்தது. அவர் பார்க்கும் சுவர் மாறவில்லை. அவர் மூச்சு பட்டே அந்த இடத்தில் சாயம் மங்கிவிட்டது என்று மனைவி கேலி பேசுவதுண்டு.

பெண்களுக்குத் தைக்கும் கடைகள் தெருவில் இன்னும் மூன்று உண்டு. கூலி அங்கே குறைவு. ஆனால் வயசுக்கு வந்த மகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார் ஏறுவது இந்தப் படியில்தான். மாஸ்டர் இதைத் தன் வாயால் சொல்லமாட்டார். மற்றவர்கள் சொல்லும்போது மறுக்கவும் மாட்டார்.

அன்று காலையிலிருந்தே காற்று நிலைகொள்ளவில்லை. மழை வரும்போல் இருட்டும், உடனே வெளுக்கும். வெட்டுமேசையில் விரித்த துணியின் மூலைகள் எழும்பிக்கொண்டே இருந்தன. மாஸ்டர் கத்தரிக்கோல், அடிக்கோல், பழைய இஸ்திரிப் பெட்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பாரம் வைத்திருந்தார். ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு நாற்பத்திரண்டு கவுன்கள், வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கவேண்டும். இருபதுதான் வெட்டாகியிருந்தது. மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மருமகள் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். வெட்டுவேலை பார்க்கும் ஒரே மகனை நூல் வாங்க அனுப்பியிருந்தார்கள்; கடைக்கு வருபவர்கள் அவனைக் கட்டர் என்றே கூப்பிடுவார்கள்.

பத்து மணிக்கு டீச்சர் வந்தார். பத்தொன்பது வருட வாடிக்கை.

"வாங்க டீச்சர், உக்காருங்க."

"உக்கார வரல மாஸ்டர். நோட்டுல என் அளவு இருக்கில்ல, அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் குடுங்க. என் பொண்ணோடதும்."

"கிழிக்கிறதா? அளவு மாறிடுச்சுன்னா புதுசா எடுத்துக்கலாமே. மருமக இருக்கா."

"புதுசா எடுக்க வரல. எடுத்தது இங்க இருக்கவேணாம்னு வந்தேன்."

மாஸ்டருக்குப் புரியவில்லை. டீச்சர் கைப்பையிலிருந்து போனை எடுத்து மருமகளிடம் நீட்டினார். "என் வாயால படிக்க மாட்டேன். நீயே படிம்மா."

ஒரு பாடகனைப் பற்றி நான்கு நாட்களாகப் பேச்சாக இருந்தது. அவனோடு மேடையில் கோரஸ் பாடிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, மேடைக்குப் பின்னால் உடைமாற்றும் அறையில் அவன் தன்னிடம் நடந்துகொண்டதைச் சொல்லி ஒரு வீடியோ போட்டிருந்தாள். அன்றிரவு மேடையில் தான் நின்ற படத்தையும் அதில் காட்டியிருந்தாள். கீழே ஆயிரக்கணக்கில் பதில்கள். டீச்சர் காட்டிய பதிலுக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் கழுத்தில் டேப்போடு மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். அது கடையின் பேஜ். புதுத் துணிகளின் படம் போடுவதற்காக மருமகள்தான் போன வருடம் அதைத் தொடங்கினாள்.

அவள் படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. "'முன்கழுத்து ஆறே முக்கால் இஞ்சு இறக்கித் தைச்சுப் போட்டுக்கிட்டு ரூமுக்குள்ள வந்தவ, இப்ப எங்க அண்ணன் மேல பழி போடுறா. இந்தக் கழுத்து எதுக்குன்னு பாத்தவுடனே தெரியாதா?'"

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"போன மாசம் என் பொண்ணுக்கு கவுன் தைச்சீங்க மாஸ்டர்," என்றார் டீச்சர். "முன்கழுத்து ஆறு. அவ ஆசைப்பட்டா, நானும் சரின்னேன். நேத்து கேக்கறா, 'அம்மா, அந்தக் கடையில என்னப் பத்தியும் இப்படித்தான் பேசியிருப்பாங்களா'ன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"டீச்சர், இது நான் எழுதினது இல்ல. எனக்கு அந்தப் போனைத் தட்டவே தெரியாது."

"நீங்க எழுதலன்னு தெரியும். ஆனா உங்க மூஞ்சிதான இருக்கு."

மாஸ்டர் நோட்டை எடுத்தார். டீச்சர் பக்கத்தின் மறுபுறம் இன்னொருவர் அளவு இருந்தது. "இத எடுத்தெழுதிட்டுத்தான் கிழிக்கணும். சாயந்தரம் வாங்க. அதுக்குள்ள இது யாரு வேலைன்னு நான் விசாரிச்சு வெக்கிறேன்."

"வரேன்," என்றார் டீச்சர். "பக்கத்தை வாங்கிக்க மட்டும்தான்."

கட்டர் நூல்கண்டுப் பையோடு வந்தான். அவனுக்கு முப்பது வயது. கை சுத்தம், பேச்சில் மரியாதை, குடி கிடையாது. அந்தப் பாடகன் மேல் பள்ளிக்கூட நாளிலிருந்தே பித்து. ரசிகர் குரூப்பில் எழுநூறு பேர். காலையில் அட்மின் ஒரு பட்டியல் அனுப்புவான், இன்றைக்கு எந்தெந்தப் பதிவுக்குக் கீழே போய் எழுதவேண்டும் என்று. பொத்தான் தைக்கும் நேரத்திலும் அவன் கட்டைவிரல் போனில் ஓடிக்கொண்டிருப்பதை வீட்டில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். என்ன எழுதுகிறான் என்று யாரும் கேட்டதில்லை.

"கடைப் பேஜ்ல ஒரு அசிங்கம் எழுதியிருக்கு. யாரு?" என்றார் மாஸ்டர்.

கட்டர் மனைவியின் போனை வாங்கிப் பார்த்தான். அவன் காதுமடல் சிவந்ததை அம்மா கவனித்தார்.

"ஹேக் பண்ணியிருக்காங்கப்பா."

"அப்படின்னா?"

"யாரோ நம்ம பேஜுக்குள்ள பூந்துட்டாங்க. இப்ப இதான் நடக்குது. அந்தப் பொண்ணோட ஆளுங்களே ரசிகருங்க மாதிரி அசிங்கமா எழுதி, அண்ணனுக்குக் கெட்ட பேரு வாங்கித் தராங்க."

"அதான பாத்தேன்," என்றார் மாஸ்டர். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. "நம்ம வீட்டுல யாரு இப்படி எழுதப் போறாங்க."

"பாஸ்வேர்டு என்கிட்டயும் உங்ககிட்டயும்தான் இருக்கு," என்றாள் மருமகள், கணவனைப் பார்த்து.

"அப்ப நீதான் எழுதினியா?"

"நான் எழுதலன்னு உங்களுக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? நாள் பூரா பேஜை நோண்டிக்கிட்டு இருக்கறது நீதான்." அவன் போனிலிருந்து அந்தப் பதிலை அழித்தான். "இதோ, அழிச்சாச்சு. முடிஞ்சுது."

"டீச்சர் போன்ல போட்டோ புடிச்சு வெச்சிருக்காங்க," என்றாள் அவள். "எத்தனை பேர் வெச்சிருக்காங்களோ."

அம்மா இஸ்திரியை மறுபடி எடுத்தார். "அந்தப் பொண்ணு சொல்றது நெஜமாயிருந்தா?"

"உனக்குத் தெரியாதும்மா. மூணு வருஷம் கழிச்சு ஏன் சொல்றா? ஆதாரம் எங்க? பேசும்போது ஒரு சொட்டுத் தண்ணி வரல கண்ணுல. நெஜமா நடந்திருந்தா அழமாட்டாளா?"

"போன வருஷம் இன்னொருத்தி அழுதாளே, அவள நடிக்கறான்னு சொன்ன."

"அது வேற."

"எது வேற? அழுதா நடிப்பு. அழலன்னா பொய். நாங்க எப்படிடா சொல்றது உங்ககிட்ட?"

"நீ இஸ்திரியப் பாரு," என்றார் மாஸ்டர். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் கடைக்குள் எதுவும் நிற்கவில்லை. மிஷின் நாலு தையல் ஓடும், நிற்கும். கட்டர் உட்காருவான், எழுந்து வாசலுக்குப் போவான். போன் இரண்டும் மேசைமேல் துடித்துக்கொண்டே இருந்தன. பன்னிரண்டு மணிக்குள் இன்னும் மூன்று பெண்கள் வந்து தங்கள் அளவைக் கேட்டார்கள். ஒருத்தி பாதி தைத்த பாவாடையை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்சு பேசினார். போட்டுப்பார்க்க வருவதாக இருந்த பெண்கள் வரத் தயங்குகிறார்களாம். என்ன விஷயம் என்று அவரே கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று மாஸ்டர் சொன்னார். தன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்று போனை வைத்தபிறகு தோன்றியது.

மதியம் ரொட்டியும் அவித்த முட்டையும் வெங்காயமும் தட்டில் அப்படியே இருந்தன. மாஸ்டர் ஒரு தாளை எடுத்து எழுதினார். எழுதி அடித்தார். மறுபடி எழுதி மருமகளைக் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. இத பேஜ்ல போட்டுடு."

அவள் படித்தாள். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி அறியாமையால் எழுதிய கருத்துக்காக வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்.

"ஹேக்னு சொன்னாங்களே மாமா."

"அத யாரும் நம்பமாட்டாங்க. நானே யோசிச்சுப் பாத்துட்டேன். நீ பொறுமையா கேளு. பொம்பளை எழுதினதுன்னா அது பொம்பளைங்களுக்குள்ள பேச்சு. ஏதோ எரிச்சல்ல சொல்லிட்டான்னு விட்டுடுவாங்க. ஆம்பளை எழுதினதுன்னு ஆச்சுன்னா நாளைக்கு யாரு அந்தத் திரைக்குப் பின்னாடி வந்து நிப்பா? கடைப் பேரு போச்சு. குடும்பத்துப் பேரு போச்சு."

"எம்பேரு மாமா?"

"உம்பேரு எங்க வருது? வீட்டுப் பெண்ணுன்னுதான எழுதியிருக்கேன்."

"இந்த வீட்டுல பொண்ணுன்னா அத்தையும் நானும்தான். அத்தைகிட்ட போனே கிடையாது. எங்கம்மா படிப்பாங்க. என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் படிப்பாங்க. அந்தத் திரைக்குப் பின்னாடி டேப்பைப் புடிச்சுக்கிட்டு நிக்கறதே நான்தான் மாமா. எழுதினது நானுன்னா அளவு குடுக்க வர்றவங்க என் முன்னாடி எப்படி நிப்பாங்க?"

இதை மாஸ்டர் யோசித்திருக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. "கொஞ்ச நாள் உங்க அத்தையே எண் சொல்லட்டும்."

"அதுக்கு என் இடுப்பு ஒத்துக்கணும்," என்று இஸ்திரி மேசையிலிருந்து குரல் வந்தது.

"போடேன்டி," என்றான் கட்டர். "ரெண்டு நாள்ல எல்லாம் மறந்துடுவாங்க. குடும்பத்துக்காகத்தான."

அவள் அவனைப் பார்க்கவில்லை. "அவர் எழுதலன்னு எப்படி மாமா அவ்வளவு நிச்சயமா இருக்கீங்க?"

"எம்புள்ளைய எனக்குத் தெரியாதா? என் கண்ணு முன்னாடி வளந்தவன்."

"அந்தப் பாடகரப் பத்தியும் இப்படித்தான் எழுதறாங்க. எங்க அண்ணனை எங்களுக்குத் தெரியாதான்னு."

மாஸ்டர் எழுந்துவிட்டார். "அந்தக் கழிசடையும் எம்புள்ளையும் ஒண்ணா?"

"ஒண்ணுன்னு சொல்லல மாமா. பேச்சு ஒண்ணா இருக்குன்னு சொன்னேன்."

மாமனாரிடம் அவள் இவ்வளவு பேசியது இதுவே முதல் தடவை. தாளை மேசைமேல் வைத்து அது பறக்காமல் ஒரு நூல்கண்டைப் பாரம் வைத்துவிட்டு, காஜா எடுக்க உட்கார்ந்துவிட்டாள். ஊசியில் நூல் ஏற நாலு தடவை ஆனது.

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பொத்தான் வாங்கப் போவதாகச் சொன்னார். கடையிலேயே வேண்டிய பொத்தான் இருந்தது. தெருமுனையில் டீ குடிக்க நின்றார். பக்கத்து பெஞ்சில் இரண்டு வாலிபர்கள் ஒரே போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் அதையேதான்டா போடறாங்க. பாரு, ஆறே முக்கால், ஆறே முக்கால், ஆறே முக்கால்."

"அந்தப் பொண்ணுக்கு அதான்டா இப்ப பேரு."

"எவன்டா கண்டுபுடிச்சான்?"

"எவனோ டைலராம்."

மாஸ்டர் டீயை முடிக்காமல் வைத்துவிட்டு நடந்தார். காற்று தெருப் புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. அழித்தாயிற்று, முடிந்தது என்று மகன் சொன்னானே. ஊரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு சிரிக்கிறது. அவர் கடையிலிருந்து போன எண்.

கடைக்குத் திரும்பியதும் மருமகளிடம் போனைக் கேட்டார். "அந்தப் பொண்ணு பேசினத எடு."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். பதினோரு நிமிடம். அந்தப் பெண் நிதானமாகப் பேசினாள். எந்த அறை, எத்தனை மணி, கதவுக்கு வெளியே யார் நின்றார்கள், கேட்டும் கேட்காதது போல் யார் போனார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். ஒரு இடத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். தம்ளர் பல்லில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மேடைப் படம் வந்தது.

மாஸ்டர் படத்தைப் பார்த்தார். நீல நிறக் கவுன். தோள் பதிமூணே முக்கால். கை பத்து. முன்கழுத்து ஆறே முக்கால்.

அவர் அளக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. கண் தானாக அளந்துவிட்டது. ஏழு என்று சொல்லலாம், ஆறரை என்றும் சொல்லலாம். ஆனால் அது ஆறே முக்கால்தான், கால் இஞ்சு கூடவும் இல்லை குறையவும் இல்லை.

"இந்தக் கழுத்து எவ்வளவு இருக்கும்?" என்று மருமகளிடம் காட்டினார்.

"தெரியல மாமா. அஞ்சு? டேப் வெச்சாத்தான எனக்குத் தெரியும்."

மனைவியிடம் காட்டினார். "ஏழு, ஏழரை இருக்கும்," என்றார் அவர்.

கட்டர் வெட்டுமேசையில் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். மாஸ்டர் நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்ற, துணி மாட்டும் பொம்மையைக் காட்டினார். அது மேல் நேற்று மாட்டிய சிவப்புக் கவுன், பழைய அளவுக்குத் திருத்த வந்தது. வேறு கடைத் தையல்.

"ஏய், அதுல முன்கழுத்து என்ன?"

கட்டர் தலையைத் தூக்கினான். ஒரு நொடிகூட ஆகவில்லை. "அஞ்சே கால்."

மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை இறக்கிப் பொம்மையில் வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் மனைவியைக் கூப்பிட்டார். மனைவி வந்து பார்த்தார். எண் சொல்லவே பிறந்த அந்தக் குரல் இப்போது மெதுவாகத்தான் வந்தது. "அஞ்சே கால்."

கட்டரின் கையிலிருந்த சுண்ணாம்புத் துண்டு மேசையில் விழுந்தது.

"ஹேக் பண்ணினவனுக்கு இந்தக் கண்ணு ஏது?" என்றார் மாஸ்டர்.

"அப்பா..."

"இந்தத் தெருவுல என்னை விட்டா உனக்குத்தான் இருக்கு."

கட்டர் விழுந்த சுண்ணாம்பை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு ஒரேயடியாகக் கொட்டினான். "எல்லாருந்தான்பா எழுதறாங்க. நான் மட்டுமா? இதவிட மோசமா எழுதியிருக்காங்க. அட்மின் அத எல்லாருக்கும் அனுப்பினான், சூப்பர்னு. நாலாயிரம் பேர் லைக் போட்டாங்க. என் ஐடியில போடறதா நெனச்சேன். பேஜ்ல இருந்து மாத்த மறந்துட்டேன். அவ்வளவுதான் தப்பு."

"உன் ஐடியில போட்டிருந்தா சரியா?" என்றார் அம்மா.

அவன் அடிக்கோலை எடுத்து மேசையோரத்தில் நேராக வைத்தான்.

"அந்தப் பொண்ணு பேசினத முழுசாக் கேட்டியா?" என்றார் மாஸ்டர்.

"கிளிப் பாத்தேன்."

"கேட்டியான்னு கேட்டேன்."

"இல்ல."

"காலையில இருந்து உம்பொண்டாட்டி தலையில கட்டப் பாத்தோமே, அப்பவும் வாயத் தொறக்கல நீ."

'பாத்தோமே' என்றுதான் சொன்னார். மருமகள் ஊசியிலிருந்து கண்ணை எடுத்து ஒருமுறை அவரைப் பார்த்தாள்.

மாஸ்டர் நூல்கண்டை நகர்த்தித் தாளை எடுத்தார். 'எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி' என்பதை அடித்து 'என் மகன்' என்று எழுதினார். 'அறியாமையால்' என்ற சொல்லைப் பேனா முனையால் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டிருந்துவிட்டு அதையும் அடித்தார். 'வாடிக்கையாளர்களிடம்' என்பதற்கு மேல் 'அந்தப் பெண்ணிடமும்' என்று சேர்த்தார். எழுத்து கோணவில்லை. நோட்டில் எண் எழுதும் அதே எழுத்து.

"அப்பா, இதப் போட்டா குரூப்புல என்னக் கிழிச்சுடுவாங்க. நம்ம கடையத் திட்டி எழுதுவாங்க. உங்க படத்துக்குக் கீழயே எழுதுவாங்க. காசு வாங்கிட்டான் கெழவன்னு எழுதுவாங்க. உங்களுக்குத் தெரியாது அவங்கள."

"தெரிஞ்சுக்கறேன்."

"கடை என்ன ஆகும்?"

"காலையில இருந்து அதையேதான் நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கே கேக்கச் சகிக்கல. 'என் மகன்'ங்கற எடத்துல 'நான்'னு மாத்தி இதப் படிச்சுக்கிட்டே நீ நிக்கணும். வீடியோ. அந்தப் பொண்ணு மூஞ்சியக் காட்டிப் பேசிச்சு. நீயும் காட்டு."

டீச்சர் ஐந்து மணிக்கு வந்தார். இந்தத் தடவையும் உட்காரவில்லை. மாஸ்டர் மறுபுற அளவுகளை வேறு தாளில் எடுத்தெழுதி முடித்திருந்தார். அடிக்கோலை வைத்துப் பக்கத்தைப் பிசிறில்லாமல் கிழித்தார். மகளின் பக்கத்தையும் கிழித்தார். இரண்டையும் மடித்து நீட்டினார்.

"எழுதினது எம்மகன் டீச்சர்."

டீச்சர் மேசையோரம் நின்றிருந்த கட்டரைப் பார்த்தார். சின்ன வயதில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவன் குனிந்துகொண்டான்.

"சொல்லுவீங்கன்னு நெனைக்கல மாஸ்டர்," என்றார். தாள்களைக் கைப்பையில் வைத்து மூடினார். "ஆனா பக்கம் எங்கிட்டயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்."

படியிறங்கியவர் நின்றார். போகலாமா இருக்கலாமா என்று தெரியாதவர்போல் மழைக்கு முந்தின காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. மருமகள் இடம் தேடினாள். வெட்டுமேசைக்குப் பின்னால் நிழல். மிஷின்களுக்குப் பக்கத்தில் துணிக் குவியல். கடைசியில் அளவெடுக்கும் இடத்தைத்தான் காட்டினாள். அங்கேதான் நேர் விளக்கு இருந்தது. மாஸ்டரின் மனைவி வந்து திரையை முழுவதுமாக ஒதுக்கி ஆணியில் மாட்டினார். அது அப்படி ஒதுங்கி நின்றதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

கட்டர் தாளோடு போய் நின்றான். மருமகள் போனை உயர்த்தினாள். அவன் சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டான். கையைப் பின்னால் கட்டினான், முன்னால் கொண்டுவந்தான். நான்கு பேர் பார்க்க அந்த இடத்தில் நிற்பது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"அளவு குடுக்க வர்றவங்க யாரும் அதக் கேட்டதில்ல," என்றாள் அவள். "நேராப் பாருங்க."

அவன் தாளைப் பார்த்து ஆரம்பித்தான். இரண்டு வார்த்தையில் தடுமாறினான். மேசைமேல் அவன் போன் துடித்துக்கொண்டே மெல்ல மெல்ல விளிம்புக்கு நகர்ந்தது. யாரும் போய்ப் பிடிக்கவில்லை.

மருமகள் போனைத் தாழ்த்தினாள். படத்தின் ஓரத்தில் ஒரு முதுகு தெரிந்தது. முப்பத்தொரு வருடப் பழக்கம். அந்த இடத்தில் ஓர் ஆள் வந்து நின்றதும் மாஸ்டர் தன்னையறியாமல் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சாயம் மங்கிய அந்த இடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.

"மாமா," என்றாள்.

"ம்."

"நீங்களும் இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

மாஸ்டர் நோட்டை மூடினார். சுவரைப் பார்த்தபடியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு திரும்பி, மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இப்பப் படி," என்றார்.